வானைப் படம்பிடித்தல்

பெரம்பலூரில் நின்றுகொண்டு நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் அது ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் என்னும் சிற்றூரின் அருகே செல்லும். அவ்வூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருக்கிறது. பெரம்பலூரும் காவலூரும் பெரும்பாலும் ஒரே தீர்க்கரேகையின்மேல் இருப்பவை. ஆதலால் ஒரு விண்மீன் காவலூரில் உச்சிக்கோட்டைக் கடந்தால், கால் நிமிட வேறுபாட்டுக்குள் பெரம்பலூரிலும் அதே விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருங்கண்ணாடி எந்த வானை நோக்குகின்றதோ, அதே வானம்தான் அரியலூர், பெரம்பலூர் மாணவரின் வீட்டு மாடியின்மேலும் கவிந்திருக்கிறது. வானத்தைப் பொறுத்தவரை ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இல்லை. நோக்கும் கருவியில்தான் வேறுபாடு. அக்கருவியையும் நம்மால் இயன்ற அளவில் அமைத்துக்கொள்ள முடியும் என்பதை எடுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

தொலைநோக்கியின் வழியாகக் கண்ணால் பார்ப்பது இன்பமான செயல்தான். பின் எதற்காக அதனோடு காமிராவைப் பொருத்த வேண்டும்? இவ்வினாவிற்கு விடை நம் கண்ணின் இயல்பிலேயே இருக்கிறது. கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதியில் வந்த ஒளியை மூளைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஒளிக்குக் காத்திருக்கிறது. ஒரு மங்கிய ஒளிமுகிலை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் அது பளிச்சிடுவதில்லை. காமிராவோ, சொட்டுச் சொட்டாக விழும் நீரைக் குடம் ஏந்துவதுபோல், விழுகின்ற ஒளியையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகைபோலத் தோன்றும் மிருகசீரிட ஒளிமுகில், சில நிமிட ஒளிப்பதிவில் செந்நிறம் பூண்டு நிற்பதற்கு இதுவே காரணம். அச்செந்நிறம் ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிடும் ஒளியின் நிறம்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இதனினும் பெரியது. கண் கண்டதை நாளடைவில் மறந்துபோகிறோம், படம் மறப்பதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய நாளில், கி.பி. 1054-ஆம் ஆண்டு, இடப ராசியில் புதிய விண்மீன் ஒன்று திடீரெனத் தோன்றியது. பகலிலும் 23 நாட்கள் அது கண்ணுக்குத் தெரிந்தது எனச் சீன வானியலார் எழுதி வைத்தனர். வெடித்துச் சிதறிய அவ்விண்மீனின் எச்சத்தை இன்று நண்டு ஒளிமுகில் என்கிறோம். அது ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 1909-இல் எடுத்த படத்தையும் 1921-இல் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, அம்முகில் விரிந்துகொண்டே போகிறது என்று ஜான் டங்கன் என்னும் அமெரிக்க வானியலார் காட்டினார். விரிவின் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், சோழர் காலத்து வெடிப்புக்கு அருகில் வந்து சேருகிறோம். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் ஒன்பது நூற்றாண்டு வரலாற்றைச் சொல்லிவிட்டன. எத்துணைக் கூரிய கண்ணாலும் இது இயலாது.

தொலைநோக்கியோடு காமிராவை இணைக்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவின் குறுக்கே கடந்து சென்றது. அப்போது உதகமண்டலத்தருகே தொட்டபெட்டாவில் ஒரு குழுவினரும், மேற்குக் கரையில் பேக்கலில் மற்றொரு குழுவினரும் படமெடுத்தனர். அந்நாளில் கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் கரைசலைப் பூசி, வெள்ளி உப்பில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் ஒளிபடச் செய்து, உடனே கழுவ வேண்டும். முழு மறைப்போ இரண்டு நிமிட அளவே நீடித்தது. அவ்வளவு இடர்ப்பாட்டுக்கிடையே கிடைத்த படங்களில், இரண்டிடத்தும் சூரியனைச் சூழ்ந்த ஒளிவளையம் ஒரே வடிவில் காணப்பட்டது. அவ்வொளிவளையம் நம் பூமியின் காற்றால் உண்டாகும் தோற்றமாயின், மலைமேலிருந்து காண்பவர்க்கு ஒருவிதமாகவும் கடற்கரையில் காண்பவர்க்கு வேறுவிதமாகவும் தெரிந்திருக்க வேண்டும். அப்படியில்லாததால், அது சூரியனுக்கே உரியது என்ற கருத்து உறுதிப்பட்டது.

பின்னர் கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அப்படத் தொகுதி இன்று கணிப்பொறியில் ஏற்றப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. வைணு பாப்பு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது, 1949-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தாம் எடுத்த ஓர் ஒளிப்படத் தகட்டில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். அது பாப்பு–பாக்–நியூகிர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது. அவர் தோற்றுவித்த காவலூர் ஆய்வகத்தில் 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ராஜமோகன் என்னும் வானியலார் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண்ணுடைய அச்சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயரே சூட்டப்பட்டது. விண்மீன்கள் நிலைத்து நிற்க, படத்துக்குப் படம் ஒரு புள்ளி மட்டும் இடம்பெயர்ந்தால் அது விண்மீனன்று என்று அறிகிறோம். சிறுகோள்களைத் தேடும் முறையின் சாரம் இவ்வளவே.

இனி இணைக்கும் வழிகளைப் பார்ப்போம். அவை மூன்று.

முதல் வழி மிக எளியது. தொலைநோக்கியில் கண்ணருகு வில்லையை அப்படியே விட்டுவிட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் கைப்பேசியின் காமிராவை வைப்பதாகும். கண்ணில் நுழைய வேண்டிய ஒளி காமிராவில் நுழைகிறது; அவ்வளவுதான். கையால் பிடித்தால் ஆடும். ஆகையால் கைப்பேசியைப் பற்றிக்கொள்ளும் ஒரு பிடியை வாங்கிக்கொள்ளலாம். மரத்துண்டும் ரப்பர் வளையமும் கொண்டு வீட்டிலேயே செய்தும்கொள்ளலாம். நிலவையும் வியாழனையும் எடுக்க இம்முறை போதும்.

இரண்டாவது வழியில் காமிராவின் வில்லையைக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையை மட்டும் வைத்து, அதன் மூலம் உருவத்தைப் பெரிதாக்கி, காமிராவினுள் உள்ள உணர்தகட்டின்மேல் விழச் செய்கிறோம். கோள்களைப் பெரிதாக எடுக்க இது உதவும். ஆனால் உருவம் பெரிதாகும் அளவுக்கு ஒளி மங்கும் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது வழியே சிறந்தது. கண்ணருகு வில்லையும் வேண்டாம். காமிராவின் வில்லையும் வேண்டாம். தொலைநோக்கியின் பெரிய வில்லையோ குழியாடியோதான் இங்கே காமிராவின் வில்லையாக வேலை செய்கிறது. அது ஒளியைக் குவிக்கும் இடத்தில் உணர்தகட்டை நேராக வைத்துவிடுகிறோம். இதனை முதற்குவிய முறை என்பர். காவலூரின் பெரிய தொலைநோக்கியிலும் குழியாடியின் முதற்குவியத்தில் மின்னணுக் காமிராவை வைத்துப் படமெடுக்கும் அமைப்பு உண்டு. பள்ளி மாணவர் செய்வதும் பேராய்வகத்தார் செய்வதும் அடிப்படையில் ஒன்றே.

இதற்கு வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்று, டி-வளையம் எனப்படும் உலோக வளையம். அதன் ஒரு முகம் உங்கள் காமிராவின் வாயில் பொருந்தும். மறுமுகத்தில் 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு இருக்கும். இரண்டாவது, அத்திருகில் மாட்டும் ஒரு குழாய்மூக்கு. அது தொலைநோக்கியில் கண்ணருகு வில்லை செருகும் துளையில் நுழையும். துளையின் விட்டம் பெரும்பாலும் 31.7 மில்லிமீட்டராகவோ 50.8 மில்லிமீட்டராகவோ இருக்கும். பெரிய துளை இருந்தால் அதையே கொள்க. சிறு துளை படத்தின் மூலைகளை இருளச் செய்யும்.

காமிராவுக்குக் காமிரா வளையம் வேறுபடுவது ஏன்? டி-வளையத்தின் முன்முகத்திலிருந்து உணர்தகடு வரையுள்ள தொலைவு 55 மில்லிமீட்டர் என வகுத்திருக்கிறார்கள். கேனான் நிறுவனத்தின் கண்ணாடிவகைக் காமிராக்களில் வாய்க்கும் உணர்தகட்டுக்கும் இடையே 44 மில்லிமீட்டர். நிக்கான் கண்ணாடிவகைக் காமிராக்களில் 46.5 மில்லிமீட்டர். எஞ்சியுள்ள 11 மில்லிமீட்டரையோ 8.5 மில்லிமீட்டரையோ வளையத்தின் தடிப்பு ஈடுசெய்கிறது. உள்ளே கண்ணாடி இல்லாத இக்காலக் காமிராக்களில் இடைவெளி குறைவாகையால், அவற்றிற்கு நீண்ட வளையம் வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. நிலவை நோக்கித் திருப்புகிறோம். திரையில் வெண்மையான மங்கல் வட்டம் ஒன்று தெரிகிறது; எவ்வளவு திருகினாலும் தெளிவு பிறப்பதில்லை. இவ்விடத்தில்தான் மாணவர் பலர் மனம் தளர்ந்து, கருவி பழுதென்று எண்ணி மூலையில் வைத்துவிடுகின்றனர். கருவியில் பழுதில்லை, கணக்கில்தான் இடர்ப்பாடு. நியூட்டன் வகைத் தொலைநோக்கிகள் கண்ணால் பார்ப்பதற்கென அமைக்கப்பட்டவை. அவற்றில் குவியம் குழாய்க்கு வெளியே சிறிது தொலைவில் மட்டுமே நீண்டிருக்கும். உணர்தகடோ காமிராவின் வயிற்றுக்குள், வாயிலிருந்து நாலரைச் சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. திருகியை முற்றும் உள்ளே தள்ளினாலும் குவியம் உணர்தகட்டை எட்டுவதில்லை.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. பார்லோ வில்லை ஒன்றைக் குழாய்மூக்கின் முன்னே செருகினால், அது குவியத்தை வெளியே தள்ளிக் கொடுக்கும். உருவமும் இரு மடங்காகும். அல்லது, குழாயின் அடியிலுள்ள குழியாடியைச் சில சென்டிமீட்டர் மேலே ஏற்றிப் பொருத்தலாம். வில்லைவகைத் தொலைநோக்கியில் இடர்ப்பாடு நேர்மாறானது. அதில் மூலைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஒளி செல்லும் வழி குறைகிறது. அதை ஈடுகட்ட நீட்டுக்குழாய் ஒன்று தேவைப்படும். ஆகவே படமெடுக்கும் நோக்கமுள்ளவர்கள் தொலைநோக்கியை வாங்கும் முன்னரே, காமிரா அதில் குவியம் பெறுமா என்று கேட்டறிந்து வாங்குதல் நலம்.

நிலவின் உருவம் எவ்வளவு பெரிதாக விழும்? குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் ஏறத்தாழ விடை கிடைக்கும். 1,000 மில்லிமீட்டர் குவியத் தூரத்திற்கு 9 மில்லிமீட்டர் உருவம். சாதாரணக் காமிராவின் உணர்தகடு 22-க்கு 15 மில்லிமீட்டர் அளவினது. அதில் நிலவு முழுமையாக அடங்கும். காவலூர்ப் பெருந்தொலைநோக்கியின் முதற்குவியத்திலோ நிலவின் உருவம் ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். நம் சிறு கருவியில் முழுநிலவைப் படமெடுக்க ஒரு விநாடியில் நூற்றிலொரு பங்கு போதுமானது. ஆனால் முழுநிலவு தட்டையாகத் தெரியும். அரைநிலவு நாளில் ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையில் மலைகளின் நிழல் நீண்டு விழும். பள்ளங்கள் கிண்ணங்கள்போல் தோன்றும். முதற்படத்தை அந்நாளில் எடுப்பதே சிறப்பு. அப்போது ஒளி குறைவாதலால் நேரத்தை மூன்று நான்கு மடங்கு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நிலவை விட்டு ஒளிமுகில்களுக்குச் சென்றால் பூமியின் சுழற்சி குறுக்கிடுகிறது. வானம் விநாடிக்கு 15 வில்விநாடி வீதம் நகர்கிறது. 1,000 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் இந்நகர்ச்சி உணர்தகட்டின்மேல் விநாடிக்கு 73 மைக்ரான் ஆகும். ஒரு படப்புள்ளியின் அகலமோ 4 மைக்ரான் அளவே. ஒரே விநாடியில் விண்மீன் 18 புள்ளிகளைக் கடந்து கோடாகிவிடும்! ஆதலால் பூமி சுழலும் வேகத்திலேயே எதிர்த்திசையில் தொலைநோக்கியைச் சுழற்றும் தாங்கி வேண்டும். அத்தாங்கியின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கியிருத்தல் வேண்டும்.

துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியுமோ, அதுவே ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை. இலண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்கும். பெரம்பலூரிலும் அரியலூரிலுமோ 11 பாகைதான். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அவ்வளவு தாழ்விலேயே துருவ விண்மீன் இருக்கிறது. ஒரு பனைமரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ அதை மறைத்துவிடும். வடக்கே திறந்த வெளியுள்ள இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இக்குறைக்கு ஈடாகத் தெற்கு வானம் நமக்கு வாரி வழங்குகிறது. ஐரோப்பியர் தம் ஊரிலிருந்து காண இயலாத தென்சிலுவையும், கரீனா ஒளிமுகிலும் நமக்கு அடிவானத்துக்கு மேலே 19 பாகை வரை எழுகின்றன. ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து 31 பாகை உயரம் ஏறி வருகிறது.

நுட்பங்கள் சில நினைவிற் கொள்ளத்தக்கவை. படம் தெளிவாக வருவதற்கு அட்டையில் சாய்ந்த பிளவுகளை வெட்டித் தொலைநோக்கியின் வாயில் மாட்டும் பாக்டினோவ் முகமூடி பெரிதும் உதவும். பிரகாசமான ஒரு விண்மீனை நோக்கினால் மூன்று ஒளிக்கதிர்கள் தெரியும். நடுக்கதிர் மற்ற இரண்டும் வெட்டுமிடத்தின் ஊடே சரியாகச் சென்றால் குவியம் அமைந்தது என்று பொருள். கையால் பொத்தானை அழுத்தினால் கருவி அதிரும். பத்து விநாடி தாமத அமைப்பைப் பயன்படுத்துக. மார்கழிப் பனியில் வில்லைமேல் ஈரம் படியும். கருப்புக் காகிதத்தாலான நீண்ட குழல் ஒன்றை முன்னே பொருத்தினால் அது பெரிதும் குறையும். மிக நீண்ட ஒரே பதிவைவிடச் சிறு பதிவுகள் பலவற்றை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மேல். பதினாறு படங்களை அடுக்கிச் சராசரி கண்டால் படத்திலுள்ள இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும்.

ஓர் எச்சரிக்கை. சூரியனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புவதாயின், அதற்கென்றே செய்த வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயில் இறுகப் பொருத்திய பின்னரே திருப்ப வேண்டும். கண்ணருகு வில்லையில் பொருத்தும் வடிகட்டி வெப்பத்தால் வெடிக்கக்கூடும். ஒரு கணத்தில் கண் போய்விடும், காமிராவும் கருகிவிடும். ஆசிரியர் துணையின்றி இதனைச் செய்தலாகாது.

நிறைவாக ஒன்று. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் கடற்சிப்பிகளும் அம்மோனைட்டுகளும், இப்பகுதி கடலாக இருந்த கிரெட்டேசியக் காலத்துக்குரியவை. அக்காலம் முடிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கன்னி ராசியில் உள்ள மெசியர் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வொளி புறப்பட்டபோது அரியலூர்ச் சிப்பிகள் மண்ணில் புதைந்து ஒரு கோடி ஆண்டுகள் கடந்திருந்தன. அன்று புறப்பட்டு, இடையில் எங்கும் தங்காது வந்த ஒளி, இன்றிரவு நம் ஊரில் இறங்குகிறது. பகலில் காலடியில் கல்லையும், இரவில் தலைக்குமேல் ஒளியையும் ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு இம்மாவட்டங்களின் மாணவர்க்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

ஆனால் அவ்வொளி கடைசி நொடியில் தோற்றுப்போகவும் கூடும். அதே சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. சிமெண்டு சாலையும் கட்டடமும் ஆகிறது. அவற்றின்மேல் விளக்குகள் எரிகின்றன. விளக்கு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. நடப்பவருக்கு வெளிச்சம் தரையில்தான் தேவை, வானத்திலன்று. மூடியில்லாத விளக்கு மேல்நோக்கி வீசும் ஒளி, காற்றிலுள்ள தூசியில் பட்டு வானத்தை வெளுக்கச் செய்கிறது. ஐந்தரைக் கோடி ஆண்டு வழிநடந்த ஒளியை நம் தெருவிளக்கு வாசலிலேயே மறித்துவிடுகிறது. தகரத்தால் ஒரு மூடி செய்து விளக்கொளியைக் கீழ்நோக்கித் திருப்பினால் மின்செலவும் குறையும், வானமும் மீளும்.

மாணவ நண்பர்களே! தை பிறந்து மழைமேகம் விலகியதும், மாடியில் ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே திசையில், ஒரே அளவு நேரம் காமிராவைத் திறந்து வைத்து வானைப் படமெடுங்கள். நாள், நேரம், இடம், ஒளிபட்ட விநாடிகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எத்தனை விண்மீன்கள் பதிந்தன என்று எண்ணுங்கள். பத்தாண்டுகள் கழித்து அக்குறிப்பேட்டைப் புரட்டினால், உங்கள் ஊரின் இரவு வளர்ந்ததா தேய்ந்ததா என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கும். 1909-இலும் 1921-இலும் எடுத்த இரண்டு படங்கள் செய்த வேலையை உங்கள் படங்களும் செய்யலாம். அதற்குத் தேவை விலையுயர்ந்த கருவியன்று. நாள் தவறாத உழைப்பும், பிழையில்லாத குறிப்புமே.